பதினெட்டு மைக்ரான்

மூன்று வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை, நான் வேறொரு கம்பெனியில் போய் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

இன்டர்வியூ இல்லை. ஆஃபர் லெட்டர் இல்லை. பஸ் ஏறினேன், போய்ச் சேர்ந்தேன் — அவ்வளவுதான்.

அன்று காலை குளித்துவிட்டு வந்து, வாஷ்பேசின் மேல் வைத்திருந்த மூக்குக் கண்ணாடியைத் துழாவினேன். கை பட்டுக் கீழே விழுந்தது. தேடுகிற அவசரத்தில் நானே அதை மிதித்தேன். இந்த இதழில் என் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஏழரை. ‘ஏழரையா, சனிதான்!’ என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. கண்ணாடி இல்லாவிட்டால் என் உள்ளங்கை தெரியும். அதற்கு அப்பால் இருக்கும் எல்லாமே எனக்கு ஒரு வதந்திதான்.

ஸ்பேர் கண்ணாடி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது... போன வருடம் என் மகள் அதன்மேல் உட்காரும் வரை.

வீட்டுக்காரர் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். மகள் தூக்கத்தில். லீவு போடலாம் என்றால் அன்று ஆடிட். சரி, தெருமுனைதானே, பதினோரு வருடமாக ஏறுகிற கம்பெனி பஸ்தானே, கண்ணை மூடிக்கொண்டே போவேனே என்று கிளம்பிவிட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் போனேன்.

எங்கள் ஓசூரில் காலை ஏழு மணிக்குப் பாகலூர் ரோட்டில் வந்து நின்று பாருங்கள். வெள்ளை பஸ், அதற்குப் பின்னால் வெள்ளை பஸ், அதற்கும் பின்னால் இன்னொரு வெள்ளை பஸ். ஏறுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சாம்பல் நிறச் சட்டை. கண் நன்றாகத் தெரிகிறவர்களே முன்னால் ஒட்டியிருக்கும் கம்பெனி பெயரைப் படித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். சாம்பல் சட்டைகள் நகர்ந்தன. நானும் நகர்ந்தேன்.

வழக்கமான ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்து ஒரு சாம்பல் மங்கல், “திண்டி ஆயித்தா அக்கா?” என்று, டிபன் ஆச்சா என்பதைக் கன்னடத்தில் கேட்டது.

“ஆயித்தும்மா” என்றேன். புதிதாகச் சேர்ந்த பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் அவள் சூப்பர்வைசரைத் திட்டினாள். கேன்டீன் சாம்பாரைத் திட்டினாள். ஏசி வேலை செய்யாத ட்ரெயினிங் ஹாலைத் திட்டினாள். நானும் மனதாரச் சேர்ந்து திட்டினேன். ஒரு விஷயத்தில்கூட எங்களுக்குள் கருத்து வேறுபாடு வரவில்லை. எப்படி வரும்?

கேட்டில் கார்டை வைத்தேன். மெஷின் கத்தியது. திருப்பி வைத்தேன். மறுபடி கத்தியது. எனக்குப் பின்னால் வரிசை நின்றது. செக்யூரிட்டி கார்டை வாங்கிப் பார்த்தார்.

“மேடம், இதுல வேற கம்பெனி பேரு போட்டுக்கீது. நீங்க இன்னா இங்க வந்துக்கிறீங்க?”

நல்ல மனிதர்கள். விசிட்டர் பாஸ் எழுதி, டீ கொடுத்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்கள். எங்கள் கம்பெனிக்கு ஒன்றரை மணி நேரம் லேட்டாகப் போய்ச் சேர்ந்தபோது ஆடிட்டர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்களை நேரே பார்த்து வணக்கம் சொன்னேன். பிற்பாடுதான் தெரிந்தது, நான் வணக்கம் சொன்னது வாட்டர் கூலருக்கு.

அன்று முடிவு செய்தேன். லேசர்!

*

முடிவு செய்வது சுலபம். எங்கள் டிபார்ட்மென்ட்டில் அதை வெளியே சொல்வதுதான் தப்பு.

நான் பார்ப்பது குவாலிட்டி வேலை. வெளியிலிருந்து வரும் பாகங்களுக்கு மேல்பூச்சு சரியான கனத்தில் இருக்கிறதா என்று அளந்து பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கனம் மைக்ரான் கணக்கில். ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் கிடைக்கும் ஒரு துண்டு. இந்த வேலைக்குக் கண்ணாடி பெரிய தொல்லை. கண்ணாடிக்கு மேல் சேஃப்டி கண்ணாடி போட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஆவி படியும். கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தேன். மெஷின் ஷாப்பில் பறக்கிற ஆயில் புகைக்குக் கண் பச்சை மிளகாய் தடவினதுபோல் எரிந்தது.

எங்கள் மேனேஜர் நாகராஜ் சார். தர்மபுரிக்காரர், தங்கமான மனிதர். ஒரே ஒரு வியாதி — எதையும் ஷீட் போடாமல் முடிவெடுக்க மாட்டார். மகளுக்கு வரன் பார்த்தபோதுகூட ஷீட் போட்டதாகப் பேச்சு.

“லேசரா? ரிஸ்க் ஷீட் போட்டாச்சாம்மா?” என்றார்.

விளக்கிவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலைகளில் புதிதாக எது தொடங்கினாலும் முதலில் ஒரு பட்டியல் போடுவோம். என்னென்ன தவறு நடக்கலாம்? நடந்தால் எவ்வளவு மோசம்? எவ்வளவு அடிக்கடி நடக்கும்? நடப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்க முடியுமா? கடைசி மூன்று கேள்விக்கும் ஒன்று முதல் பத்து வரை மார்க். மூன்றையும் பெருக்கினால் ரிஸ்க் நம்பர். நம்பர் பெரிதாக வந்தால் ஜாக்கிரதை.

மத்தியானம் கேன்டீனில், தயிர்சாதத்துக்கு நடுவில், என் கண்ணுக்கு ஷீட் போட்டார்கள். ஆறு பேர். எல்லோரும் அனுபவசாலிகள், எல்லோரும் சீரியஸ்.

“கண்ணு காஞ்சு போறது. மோசம் நாலு. அடிக்கடி... ஏழு போடு. என் தங்கச்சிக்கு ஆச்சு, ஆறு மாசம் சொட்டு மருந்து வுட்டுக்கினே இருந்தா.”

“நைட்ல லைட்டச் சுத்தி வட்டம் தெரியறது?”

“மோசம் அஞ்சு. இவங்க நைட்ல வண்டி ஓட்றதில்ல. மூணாக்கு.”

“திரும்பப் பவர் வர்றது?”

“நாப்பது வயசுக்கு மேல படிக்கறதுக்குக் கண்ணாடி வர்றது?”

“அதுக்கு லேசர் இன்னா பண்ணும்? அது எல்லாருக்கும் வர்றது. தனி வரி வேணாம்.”

எனக்கு நாற்பத்தொன்று. தனி வரி வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாகராஜ் சார் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

“மூக்கு மேல இருக்கிற கண்ணாடித் தழும்பு வெளியே தெரியறது.” இதைச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் எழுதினார்கள்.

கடைசியாக, சற்றுத் தயங்கி, “பார்வையே போறது” என்று எழுதினார் சார். மோசம் பத்து. அடிக்கடி நடக்குமா? ரொம்ப ரொம்ப அபூர்வம் — ஒன்று. பெருக்கிப் பார்த்தால்... பார்வை போவது பட்டியலில் கடைசி! மூக்குத் தழும்புக்கும் கீழே! கண் காய்வது முதலிடம்.

“பாத்தியாம்மா? டேட்டா பேசுது. தைரியமா போ” என்றார் சார்.

இன்னொருவருக்கு இன்னும் திருப்தி வரவில்லை. “ரெண்டு பீஸ் இருக்குதில்ல? ஒரு கண்ண மட்டும் மொதல்ல டெஸ்ட்டுக்கு, பைலட் லாட்டா ஓட்டிப் பாக்கலாம். ஆறு மாசம் கழிச்சு ஓகேன்னா அடுத்ததுக்கு அப்ரூவல்.”

ஆறு பேரும் தலையாட்டினார்கள். சிரிக்காதீர்கள் — நானும் ஆட்டினேன்.

*

வீட்டுக்காரரிடம் ஷீட்டைக் காட்டினேன். அவர் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். அவருடைய ஒரே வேதம்: ஓடுகிற மெஷினில் கை வைக்காதே.

“மூக்குத் தழும்புக்குக் கீழயா கண்ணு? உங்க ஷீட்டுல தீய வைக்க.”

“அது கணக்குங்க.”

“கணக்கா? பேரிங் போனா மாத்துவேன். பெல்ட்டு போனா மாத்துவேன். இது போனா எந்தக் கடையில வாங்கறது? நல்லா ஓடிக்கினு இருக்கிற மெஷின இன்னாத்துக்குத் தொறக்கணும்?”

“நல்லாவா ஓடுது? போன வாரம் வேற கம்பெனிக்குப் போனேனே!”

அவர் ஷீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். எனக்கோ சொல்ல இன்னொன்று இருந்தது. அதுவரை யாரிடமும் சொல்லாதது. அன்று சொல்லிவிட்டேன்.

எங்கள் மகள் பிறந்தபோது லேபர் வார்டில் என் கண்ணாடியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டார்கள். நர்ஸ் குழந்தையைத் தூக்கிக் காட்டி, “பாருங்கம்மா, பொண்ணு” என்றாள். நானும் “ம்” என்றேன், சிரித்தேன். நான் பார்த்தது ஒரு சிவந்த மங்கல். அவளுடைய முதல் முகத்தை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பார்த்தார்கள், என்னைத் தவிர. கண்ணாடி வந்து சேர்வதற்குள் அவளைக் குளிப்பாட்டிச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். பதினாலு வருடமாக அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு நாள், கண் விழித்தவுடன், கையால் துழாவாமல், எதிரில் இருப்பதை அப்படியே பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அவர் ஷீட்டை மடித்து என் கையில் கொடுத்தார்.

“சனிக்கெழம போலாம்” என்றார்.

பயமில்லையா என்று கேட்காதீர்கள். கண்ணை வைத்துத்தான் என் பிழைப்பு. ஃபேக்டரியிலும் சரி, இந்தப் பத்தியிலும் சரி. ரிஸ்க் ஒன்று என்று கேன்டீனில் எழுதும்போது அது நம்பர். ராத்திரி படுத்தால் அந்த ஒன்று நான்தானோ என்று தோன்றுகிறது. லட்சம் பேரில் ஒருத்தருக்கு என்றால், லாட்டரியில் ஒரு நாளும் விழாத பரிசு இதில் விழுந்து தொலைத்தால்?

இதற்கு நடுவே முனிராஜ் அண்ணன் வேறு. தேன்கனிக்கோட்டை ரோட்டில் சின்னதாக, முலாம் பூசுகிற பிளேட்டிங் பட்டறை ஒன்று வைத்திருக்கிறார். எங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்களில் ஒருவர். வாரம் ஒரு பெட்டி கொண்டுவருவார். லேட்டானால், “ரோட்டுல யானை நின்னுது மேடம்” என்பார். பாதி நாள் உண்மையாகவே நிற்கும் என்பதால் அதை மறுக்கவும் முடியாது. நான் அளப்பேன். பல தடவை ஓரிரு மைக்ரான் குறையும். உடனே ஆரம்பிப்பார்:

“மேடம், ரெண்டே ரெண்டு மைக்ரான். கண்ணுக்குத் தெரியுமா மேடம் அது? ஒரு டீவியேஷன் போட்டு வுடுங்க மேடம்.”

டீவியேஷன் என்பது விதிவிலக்கு. ‘அளவு குறைவுதான், பரவாயில்லை, இந்தத் தடவை மட்டும்’ என்று கையெழுத்துப் போட்டு உள்ளே விடுவது. பதினோரு வருடத்தில் நான் அவருக்கு ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. “அளவுன்னா அளவுதாண்ணே” என்று சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவேன். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே பெட்டியைத் தூக்குவார்.

லேசர் விஷயம் அவருக்கும் எட்டிவிட்டது.

“பண்ணிக்குங்க மேடம்! எங்க மச்சான் பொண்ணு பண்ணிக்கினா. போலீஸ் செலக்சன்லயே பாஸாயிட்டா. காலையில எழுந்தா ஃபேன் ரெக்கையில இருக்கிற தூசி கூடத் தெரியுதாம்” என்றார். பிறகு சற்று யோசித்து, “அதுக்கப்புறம் தெனம் தொடச்சிக்கினே கீறாளாம்” என்றார்.

*

சனிக்கிழமை, பார்டர் தாண்டி, பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி.

ஒரு மெஷினில் தாடையை வைத்தேன், பச்சை வட்டங்களைப் பார்த்தேன். இன்னொன்றில் தூரத்தில் ஒரு பலூன். பிறகு ஒரு பெண் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, பேனா போன்ற ஒரு சின்னக் கருவியின் நுனியைக் கருவிழியில் மெல்லத் தொட்டாள். பீப்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது என்னுடைய கருவி! வாரா வாரம் முனிராஜ் அண்ணன் சரக்கின்மேல் நான் வைப்பது இதேதான். வைக்கிறாள், பீப். நகர்த்துகிறாள், பீப். நான் செய்வதேதான்.

“இதுக்குக் கேலிப்ரேஷன் எப்பப் பண்ணீங்க?” என்று கேட்டேன்.

“என்ன மேடம்?”

“கருவி சரியா அளக்குதான்னு செக் பண்ணுவீங்கல்ல? ஸ்டிக்கர் எங்கே ஒட்டியிருக்கு?”

பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஆனால் அந்தப் பெண் நிஜமாகவே திருப்பிக் காட்டினாள். ஸ்டிக்கர் இருந்தது. தேதியும் தாண்டவில்லை. எனக்குள் பெரிய நிம்மதி.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முகத்தில் கண்ணாடி! கண்ணுக்கு லேசர் செய்கிறவரே கண்ணாடி போட்டிருக்கிறாரே என்று நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். நான் ஷீட்டை எடுத்து மேஜைமேல் விரித்தேன். பைலட் லாட் பற்றியும் கேட்டுவிட்டேன்.

ரொம்ப நேரம் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது.

“ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க” என்றார். “ஒரு வரிதான் விட்டுப்போச்சு.”

“எது டாக்டர்?”

“உங்க கண்ணு இதுக்குத் தகுமாங்கிறது.”

கருவிழியைத்தான் லேசரால் செதுக்குகிறார்களாம். என் கருவிழி இயற்கையாகவே மெல்லியதாம். ஏழரை பவரைச் சரிசெய்கிற அளவுக்குச் செதுக்கினால், மிச்சம் இருக்க வேண்டிய கனத்தில் குறைவு விழுமாம். அப்படிச் செய்தால் பின்னாளில் கருவிழி தளர்ந்து பிதுங்க வாய்ப்பு உண்டாம். நிறையப் பேருக்கு நன்றாகவே வருகிற சிகிச்சைதான், ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்றார். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கிற முறை ஒன்று இருக்கிறது. அது வேறு பேச்சு, வேறு டெஸ்ட், வேண்டுமானால் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

“எவ்வளவு குறையுது டாக்டர்?”

“பதினெட்டு மைக்ரான்.”

பதினெட்டு மைக்ரான்! ஒரு தலைமுடியில் கால்வாசி! நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அடுத்து என் வாயிலிருந்து வந்தவை என் வார்த்தைகளே அல்ல.

“டாக்டர்... பதினெட்டுதானே டாக்டர். கண்ணுக்குத் தெரியுமா அது? ஒரு தடவை... எனக்கு மட்டும்... ஒரு டீவியேஷன்...”

டாக்டர் ரிப்போர்ட்டை மூடினார். “நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?”

சொன்னேன்.

“உங்ககிட்ட ஒரு பீஸ் பதினெட்டு மைக்ரான் கம்மியா வந்தா விடுவீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

“வுட மாட்டா டாக்டர். சத்தியமா வுட மாட்டா. கல்யாணமாகி பதினாறு வருசம், நானே தெனம் இன்ஸ்பெக்சன்லதான் கீறேன்.”

*

அழுவேன் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கண்மணியை விரிக்கிற மருந்து விட்டிருந்தார்கள். வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை என் புதுக் கண்ணாடிமேல் மாட்டிக்கொண்டு அத்திப்பள்ளி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். எல்லாமே பளபளத்தது. லாரி பம்பர் பளபளத்தது, டோல்கேட் பளபளத்தது, ரோஜா ஏற்றிப் போன வேன் பற்றி எரிவதுபோல் பளபளத்தது. பத்து நாளாக எவ்வளவு பயந்திருந்தேன் என்பது பயம் இறங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆறு பேர் உட்கார்ந்து அத்தனை வரி எழுதினோம். வருகிற சரக்கை முதலில் அளந்து பார் என்கிற வரி மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது என் வேலை. பதினோரு வருடமாக நான் அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்!

முதல் முகம் போனது போனதுதான். அதற்கு எந்த லேசரும் இல்லை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது, ஒளிப்பானேன்? ஆனால் அன்று வீட்டுக் கதவைத் திறந்த என் மகள், இரண்டு கண்ணாடியோடு நின்ற என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த முகத்தைப் பளபளவென்று பார்த்தேன்.

மறுநாளே வீட்டுக்காரர் அதே பவரில் இன்னும் இரண்டு கண்ணாடி வாங்கி வந்தார். ஒன்று பீரோவில், ஒன்று ஹேண்ட்பேக்கில். “ஸ்டாண்ட்பை இல்லாம எந்த லைனும் ஓடாது” என்றார்.

திங்கட்கிழமை, சரியான பஸ் ஏறி, சரியான கம்பெனிக்குப் போனேன். முனிராஜ் அண்ணன் பெட்டியோடு காத்திருந்தார். அளந்தேன். இரண்டு மைக்ரான் குறைவு. என் கை சிவப்பு ஸ்டிக்கருக்குப் போனது. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனது.

அவர் வழக்கம்போல் ஆரம்பிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். “இன்னா மேடம், கண்ணாடி இன்னும் கீது? லேசரு இன்னா ஆச்சு?”

“ரிஜெக்ட் ஆயிடுச்சுண்ணே. பதினெட்டு மைக்ரான் கம்மி.”

அவர் கண் விரிந்தது. “டீவியேஷன் கேட்டீங்களா மேடம்?”

“...கேட்டேன்.”

“குடுத்தாங்களா?”

“குடுக்கலை.”

முனிராஜ் அண்ணன் பெட்டியை அவரே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார். பதினோரு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

“நல்ல டாக்டரு மேடம்” என்றார். “வுட்றாதீங்க!”